கல் நட்ட நிலமும் நம் கல்லாப்பெட்டியும்



துவரம் பருப்பு கிலோவுக்குப் பத்து ரூபாய் ஏறினால் கடைக்கு வரும் தாய்மார்கள் நம்மைத்தான் கேட்கிறார்கள். நாமும் ஏதாவது பதில் சொல்லித்தான் ஆக வேண்டியிருக்கிறது. லாரி வாடகை என்கிறோம், டீசல் என்கிறோம், வரி என்கிறோம், வடக்கே மழை இல்லை என்கிறோம். "எல்லாம் நீங்கள் பதுக்கி வைப்பதால்தான்" என்று அவர்கள் சொல்லிவிட்டுப் போகிறார்கள். நாற்பது ஆண்டுகளாகக் கடையில் உட்கார்ந்து இந்த ஏச்சை வாங்கிக் கட்டிக்கொண்ட நாம், ஒரு பதிலை மட்டும் இதுவரை சொன்னதில்லை. நிலம் என்பதுதான் அந்தப் பதில். சொல்லாததற்குக் காரணமும் உண்டு. அந்தப் பதிலில் நமக்கும் பங்கு இருக்கிறது. இந்த இதழில் அதைப் பேசிவிடலாம் என்று முடிவு செய்தோம்.

கடைக்கு ஒரு பேரேடு இருப்பதுபோல இந்த நாட்டின் நிலத்துக்கும் ஒரு பேரேடு இருக்கிறது. கிராம நிர்வாக அலுவலர் எழுதும் அடங்கலில் அது ஆரம்பிக்கிறது. எந்த சர்வே எண்ணில் என்ன பயிர், எது தரிசு, எது வீடு என்று பசலி ஆண்டு தோறும் எழுதுகிறார்கள். அதைக் கூட்டி வட்டம், மாவட்டம், மாநிலம் என்று மேலே அனுப்பி, கடைசியில் டெல்லியில் மொத்தக் கணக்கு போடுகிறார்கள். சுதந்திரம் வந்த புதிதில் மாநிலத்துக்கு மாநிலம் இந்தக் கணக்கு வேறு வேறு மாதிரி இருந்தது. 1948ல் ஒரு குழு அமைத்து அதைச் சீர்செய்து, நாடு முழுவதற்கும் ஒன்பது தலைப்புகள் வகுத்தார்கள். காடு, விவசாயம் அல்லாத உபயோகம், பாறை போன்ற பயிரிட லாயக்கற்ற நிலம், மேய்ச்சல் நிலம், தோப்பு, பயிரிடத் தகுந்தும் கிடக்கும் தரிசு, நடப்புத் தரிசு, இதர தரிசு, கடைசியாக நிகர சாகுபடிப் பரப்பு. நம் கடையில் அரிசி முதல் ஊறுகாய் வரை எந்தச் சரக்கும் இந்த ஒன்பதில் ஏதாவது ஒன்றிலிருந்துதான் வந்தாக வேண்டும். அல்லது வேறொரு நாட்டின் பேரேட்டிலிருந்து வர வேண்டும்.

நாட்டின் மொத்தப் பரப்பு சுமார் 32 கோடியே 87 லட்சம் ஹெக்டேர். ஒரு ஹெக்டேர் என்பது ஏறக்குறைய இரண்டரை ஏக்கர். 1950-51ல் நிகர சாகுபடிப் பரப்பு சுமார் 11 கோடியே 90 லட்சம் ஹெக்டேராக இருந்தது. மேய்ச்சல் நிலத்தையும் தரிசையும் உழுது, 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் அது 14 கோடி ஹெக்டேரைத் தொட்டது. அதற்குப் பிறகு அரை நூற்றாண்டாக அந்த 14 கோடியிலேயே நின்றுகொண்டிருக்கிறது. 1951ல் 36 கோடிப் பேர் இருந்த நாட்டில் இன்று 140 கோடிக்கு மேல் இருக்கிறார்கள். இருப்புக் கிடங்கின் அளவு அப்படியே இருக்க, வாடிக்கையாளர் நாலு மடங்கானால் கடைக்காரர் என்ன செய்வார்? சரக்கை வேகமாகச் சுழற்றுவார். நாட்டில் அதுதான் நடந்தது. ஆழ்குழாய்க் கிணறும் புது விதையும் உரமும் வந்து, ஒரு போகம் எடுத்த நிலத்தில் இரண்டு போகம் எடுத்தார்கள். போகங்களைச் சேர்த்து எண்ணிய பரப்பு 1950-51ல் 13 கோடி ஹெக்டேர் சொச்சம். இன்று அது 21 கோடியைத் தாண்டிவிட்டது. நிலம் கூடாமல் நாம் பிழைத்த கதை இது. ஆனால் பூமிக்குள் இருந்த தண்ணீரை முதலாகப் போட்டு நடத்திய வியாபாரம். பஞ்சாபிலும் ஹரியானாவிலும் நீர்மட்டம் இறங்கிக்கொண்டே போகிறது. முதலைத் தின்று லாபம் காட்டும் கடை எத்தனை நாள் ஓடும் என்பதை இந்த இதழின் வாசகர்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

இதே காலத்தில் விவசாயம் அல்லாத உபயோகத்தின் பரப்பு 1950-51ல் ஒரு கோடி ஹெக்டேருக்கும் குறைவாக இருந்தது. இன்று அது இரண்டரைக் கோடியைத் தாண்டியிருக்கிறது. வீடு, சாலை, ரயில், ஆலை, பள்ளிக்கூடம், நம்முடைய கடை, குடோன் எல்லாம் இதற்குள்தான். இதைப் பார்த்துப் பெருமூச்சு விடுவது நமக்கு அழகல்ல. சாலை இல்லாமல் மண்டிக்குச் சரக்கு வருமா? வீடு இல்லாமல் வாடிக்கையாளர் உண்டா?

இந்தத் தலைப்பில் ஒரு விநோதம் உண்டு. ஆறு, வாய்க்கால், ஏரி போன்ற தண்ணீர் நிற்கும் நிலமும் இதே தலைப்பில்தான் வருகிறது. அதாவது நம் கடையும் ஊர் ஏரியும் அரசாங்கப் பேரேட்டில் ஒரே பத்தியில் இருக்கின்றன. ஏரியைத் தூர்த்துக் கடைத்தெரு கட்டினாலும் அந்தப் பத்தியின் கூட்டுத்தொகை மாறாது. சென்னை தியாகராய நகர் 1920களில் மாம்பலம் பெரிய ஏரியை வற்றவைத்து உண்டான பேட்டை. தமிழ்நாட்டிலேயே பெரிய வியாபாரம் நடக்கும் தெருக்கள் ஏரிப்படுகையில் நிற்கின்றன. மழைக்காலத்தில் தரைத்தளக் கிடங்கில் தண்ணீர் புகுந்து மூட்டைகளை நனைத்த வணிகர்களுக்கு அந்தப் பழைய கணக்கு நினைவுக்கு வந்திருக்கும்.

சரி, நம் மாநிலத்துக்கு வருவோம். தமிழ்நாட்டின் பரப்பு சுமார் 1 கோடியே 30 லட்சம் ஹெக்டேர். இதில் காடு 21 லட்சம் ஹெக்டேர் சொச்சம். விவசாயம் அல்லாத உபயோகம் ஏறத்தாழ 22 லட்சம். நிகர சாகுபடிப் பரப்பு 1970-71ல் 60 லட்சம் ஹெக்டேருக்கு மேல் இருந்தது. சமீப ஆண்டுகளில் அது 50 லட்சத்துக்குக் கீழே வந்துவிட்டது. நாடு முழுவதும் அப்படியே நின்ற பரப்பு நம் மாநிலத்தில் சரிந்திருக்கிறது. இரண்டாவது போகம் எடுக்கும் நிலத்தின் விகிதமும் நம்மிடம் நாட்டின் சராசரியைவிடக் குறைவு.

அப்படிக் குறைந்த நிலமெல்லாம் வீடாகவும் ஆலையாகவும் மாறிவிட்டது என்றுதான் நாமும் நெடுநாள் நினைத்திருந்தோம். பேரேட்டைப் பார்த்தால் வேறு கதை தெரிகிறது. தமிழ்நாட்டில் நடப்புத் தரிசும் இதர தரிசும் சேர்ந்து சுமார் 25 லட்சம் ஹெக்டேர். அதாவது எல்லா வீடும் சாலையும் ஆலையும் ஏரியும் ஆறும் சேர்ந்த பரப்பைவிட, சும்மா கிடக்கும் நிலம் அதிகம்!

இந்தத் தரிசு வகைகளைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இந்த ஆண்டு மட்டும் பயிர் வைக்காமல் விட்டால் அது நடப்புத் தரிசு. மழை இல்லை, கையில் காசு இல்லை, ஆள் கிடைக்கவில்லை, அடுத்த வருடம் பார்க்கலாம் என்று விட்டது. நம் கடைப் பாஷையில் சொன்னால் இந்த மாதப் பாக்கி, அடுத்த மாதம் வந்துவிடும். ஓராண்டுக்கு மேல் ஐந்தாண்டுக்குள் கிடந்தால் இதர தரிசு. இது இழுத்தடிக்கும் பாக்கி. ஐந்தாண்டும் தாண்டினால் பயிரிடத் தகுந்த வெறும் தரிசு என்று பத்தி மாறிவிடுகிறது. இதை நாம் வராக்கடன் என்போம். தமிழ்நாட்டில் முதல் வகையைவிட இரண்டாவது வகைதான் அதிகம். 15 லட்சம் ஹெக்டேருக்கு மேல் அந்தப் பத்தியில் கிடக்கிறது. எந்தக் கடையின் பாக்கிப் புத்தகம் இப்படி இருந்தாலும் முதலாளிக்கு இரவில் தூக்கம் வராது.

இதற்குக் காரணங்கள் பல. தண்ணீர் இல்லாதது முதல் காரணம். கூலிக்கும் உரத்துக்கும் செலவழித்ததை விளைச்சல் திருப்பித் தராதது இரண்டாவது. அந்த விளைபொருள் விலையில் வியாபாரிக்கும் பங்கு உண்டு என்று விவசாயிகள் சொல்வதை நாம் ஒரேயடியாக மறுக்க முடியாது. பிள்ளைகள் படித்து வெளியூர் போய்விட்டது இன்னொன்று. இவற்றை எல்லோரும் பேசுகிறார்கள். யாரும் அதிகம் பேசாத காரணம் ஒன்று உண்டு. அதைத்தான் நாம் பேச வந்தோம்.

எங்கள் மூன்று ஏக்கர்

2009ல் நாங்கள் ஐந்து வியாபாரிகள் சேர்ந்து, திருச்சியிலிருந்து தஞ்சாவூர் போகும் சாலையில், உள்ளே இரண்டு மைல் தள்ளி, மூன்று ஏக்கர் நஞ்சை வாங்கினோம். ஆளுக்கொரு தொகை போட்டோம். சரக்கில் போட்ட முதல் வருடத்துக்கு என்ன தரும் என்று தெரியும். நிலத்தில் போட்டால் மூன்று வருடத்தில் இரட்டிப்பு என்றார் தரகர். அப்போது அவர் சொன்னது பொய்யும் இல்லை. விற்றவர் ஒரு பெரியவர். வாய்க்கால் கடைமடை, தண்ணீர் சரியாக வருவதில்லை, மகளுக்குக் கல்யாணம் என்று விற்றார். பத்திரம் முடிந்த அன்று அவர் எங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "இந்த வருஷம் நட்டிருக்கிறதை மட்டும் அறுத்துக்கிறேன், ஐயா." அறுத்துக்கொண்டார். அடுத்த மாதம் கிராவல் கொட்டி, கல் நட்டு, பச்சை மஞ்சள் பெயின்ட் அடித்தோம். 58 மனை. ஒரு பெயர்ப்பலகையும் வைத்தோம். நகர் என்று முடியும் பெயர்தான், வேறென்ன?

இருபது மனை விற்றது. வாங்கியவர்களும் பெரும்பாலும் நம்மைப் போன்றவர்கள். பிள்ளைக்கு இருக்கட்டும், பெண்ணுக்கு இருக்கட்டும் என்று வாங்கிப் போட்டவர்கள். 2016 செப்டம்பரில் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. எங்கள் மனைப்பிரிவும் அதில் மாட்டிக்கொண்டது. 2017ல் வரன்முறை விதிகள் வந்தன. கட்டணம் கட்டி, அலைந்து, ஒருவழியாக முடித்தோம். இதில் யாரையும் குறை சொல்ல மாட்டோம். அங்கீகாரம் வாங்காமல் கல் நட்டது எங்கள் தவறு. ஊரெல்லாம் அப்படித்தான் செய்தது என்பது தவறைச் சரியாக்கிவிடாது.

இன்றைக்கு அந்த மூன்று ஏக்கரில் வீடுகள் நான்கு. மற்ற இடமெல்லாம் சீமைக் கருவேலம். கல் எது, மனை எது என்று எங்களுக்கே தெரியவில்லை. ஒரு மனையை விற்கப் போனபோது, அளந்து காட்ட சர்வேயருக்கு முன்னால் அரிவாள்காரரைக் கூப்பிட வேண்டியிருந்தது.

இந்த மூன்று ஏக்கரோடு போயிருந்தால்கூட மனதைத் தேற்றிக்கொள்ளலாம். நாங்கள் கிராவல் கொட்டியபோது வயலுக்கு நடுவே போன ஒரு சின்னக் கன்னி வாய்க்கால் மூடிப்போனது. வரைபடத்தில் அது இல்லை. பெரியவர் தன் வயல் வழியாக அடுத்த வயலுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த வழக்கம் பத்திரத்தில் எழுதியிருக்காதே! எங்களுக்குக் கிழக்கே இருந்த நான்கு ஏக்கருக்கு அதற்குப் பிறகு தண்ணீர் ஏறவில்லை. இரண்டு வருடம் மோட்டார் வைத்துப் பார்த்தார்கள். பிறகு விட்டுவிட்டார்கள். இப்போது அங்கேயும் தரகர் ஒருவர் கயிறு பிடித்து அளந்துகொண்டிருக்கிறார். இப்படி ஒரு மனைப்பிரிவு தன் அளவைவிட அதிக நிலத்தைத் தரிசாக்கிவிடுகிறது. அடங்கலில் அந்த நான்கு ஏக்கர் இதர தரிசு என்று ஏறியிருக்கும். யாரால் என்பதை எழுத அதில் பத்தி இல்லை.

ஒரு கடைக்காரர் கணக்கு

மனையே கூடாது என்று சொல்ல வருகிறோமா? இல்லை. கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

ஒரு ஏக்கர் நஞ்சையில் ஒரு போகத்துக்கு 25 மூட்டை நெல் என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். மூட்டை 60 கிலோ. மொத்தம் 1,500 கிலோ. அரைத்தால் நூற்றுக்கு 60 கிலோ அரிசி என்று அதையும் குறைத்தே வைப்போம். 900 கிலோ. 25 கிலோ சிப்பமாகக் கட்டினால் 36 சிப்பம். மாதம் ஒரு சிப்பம் எடுக்கும் குடும்பங்கள் மூன்றுக்கு ஒரு வருட அரிசி.

அதே ஏக்கரை மனையாக்கினால் 43,560 சதுர அடி. சாலைக்கும் திறந்தவெளிக்கும் நாற்பது சதவீதம் போனால், அரை கிரவுண்டு மனையாக 21 மனை வரும். 21 வீடு கட்டினால் 21 குடும்பம். மூன்று குடும்பத்துக்குச் சோறு போட்ட நிலம் 21 குடும்பத்துக்கு நிழல் தருகிறது. நமக்கும் 21 புது வாடிக்கையாளர்கள். அந்தத் தெருமுனையில் ஒரு மளிகைக்கடை பிழைக்கும். நெல் வேறிடத்திலிருந்து வரலாம். வீடு கட்ட நிலம் வேறிடத்தில் போய்த் தேட முடியாது. ஆகவே வயல் வீடாவதை நாம் கண்ணை மூடிக்கொண்டு எதிர்க்கவில்லை.

ஆனால் கல் மட்டும் நட்ட நிலம் எதைத் தருகிறது? அரிசியும் இல்லை, வாடிக்கையாளரும் இல்லை. 36 சிப்பம் போயிற்று, 21 குடும்பமும் வரவில்லை. மளிகைக்காரனுக்கு இதைவிட நஷ்டமான உபயோகம் நாட்டு நிலத்துக்கு வேறு இல்லை. அப்படியிருந்தும் அந்த உபயோகத்துக்கு முதல் போட்டவர்களில் மளிகைக்காரர்கள் பெரும் பங்கு. நம் சங்கத்தின் எந்தக் கூட்டத்திலும் கையைத் தூக்கச் சொன்னால் பாதிப் பேருக்கு மேல் எங்காவது ஒரு மனை இருக்கும். அதில் வீடு கட்டியவர்கள் எத்தனை பேர்?

இதன் பலன் நம் கொள்முதல் புத்தகத்தில் தெரிகிறது. நாம் விற்கும் பொன்னியில் நிறையப் பங்கு கர்நாடகாவிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் வருகிறது. துவரையும் உளுந்தும் பர்மாவிலிருந்து கப்பலில் வருகின்றன. துவரைக்காக மத்திய அரசு 2016ல் மொசாம்பிக் நாட்டோடு ஒப்பந்தம் போட்டது. அதற்கு முந்திய ஆண்டு துவரம் பருப்பு கிலோ 200 ரூபாயைத் தொட்டதையும், கடைக்கு வந்தவர்கள் நம்மைப் பார்த்த பார்வையையும் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சமையல் எண்ணெயில் நாட்டின் தேவையில் பாதிக்கு மேல் இறக்குமதி. 2022 ஏப்ரல் இறுதியில் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தியது. ஒரு மாதம்கூட நிற்கவில்லை, மே 23ல் தடையை நீக்கிவிட்டது. அந்த மூன்று வாரத்தில் எண்ணெய் வியாபாரிகள் பட்ட பாட்டை எண்ணெய் வியாபாரிகளைக் கேளுங்கள்.

வெளியிலிருந்து வாங்கித் தின்பது பாவமா என்று சிலர் கேட்கலாம். சிங்கப்பூரைக் காட்டுவார்கள். அங்கே விவசாயத்துக்கு விட்ட நிலம் நூற்றில் ஒன்றுகூட இல்லை. உணவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இறக்குமதி. அவர்கள் நிலத்தைத் துறைமுகத்துக்கும் ஆலைக்கும் அடுக்குமாடிக்கும் கொடுத்து, சம்பாதித்து வாங்குகிறார்கள். சில லட்சம் குடும்பங்களுக்கு அது முடியும். அவர்களுக்கும் 2022 ஜூனில் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியபோது கோழிச்சோற்றுக் கடைகள் திண்டாடின. 140 கோடிப் பேருக்கு விற்க எந்த நாட்டிலும் அவ்வளவு சரக்கு இல்லை. நாம் சந்தைக்குள் நுழைந்தாலே உலக விலை ஏறிவிடும். அதுவுமில்லாமல், சிங்கப்பூர் எந்த நிலத்தையும் கல் நட்டுச் சும்மா போட்டு வைக்கவில்லை.

சட்டம் என்ன செய்கிறது என்று பார்ப்போம். காவிரி டெல்டாவைப் பாதுகாக்க 2020ல் தமிழ்நாடு சட்டமன்றம் ஒரு சட்டம் நிறைவேற்றியது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களும் பக்கத்து மாவட்டங்களின் சில வட்டாரங்களும் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆயின. எண்ணெய், எரிவாயு எடுப்பதையும், தாமிரம், துத்தநாகம், அலுமினியம் உருக்கும் ஆலைகளையும், கப்பல் உடைக்கும் தொழிலையும் அங்கே புதிதாகத் தொடங்க முடியாது. நல்ல சட்டம், வரவேற்றோம். ஆனால் அந்தத் தடைப் பட்டியலில் மனை இல்லை. டெல்டாவில் அலுமினிய ஆலை வைக்க எத்தனை பேர் காத்திருந்தார்கள் என்பது நமக்குத் தெரியாது. மனைக்கல் நடுகிறவர்களை மட்டும் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் பார்க்கலாம்.

சும்மா கிடக்கும் நிலத்தைக் குத்தகைக்கு விட்டால் என்ன? எங்கள் மூன்று ஏக்கரை விற்ற பெரியவரின் பேரன் போன தை மாதம் வந்தார். விற்காத மனைகள் 38ம் கிழக்கே ஒரே துண்டாகக் கிடக்கின்றன. கருவேலத்தை அவரே வெட்டி எடுத்துவிடுகிறாராம். உளுந்தோ எள்ளோ போடுகிறாராம். விளைந்ததில் ஒரு பங்கு தருகிறாராம், எப்போது கேட்டாலும் விட்டுவிடுகிறாராம். ஐந்து பேரும் உட்கார்ந்து பேசினோம். மூன்று பேர் சரி என்றோம். இரண்டு பேர் மறுத்தார்கள். அவர்கள் சொன்ன காரணத்தைத் தள்ளிவிட முடியவில்லை. 1955ம் ஆண்டுச் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. உழுதவரை எளிதில் வெளியேற்ற முடியாது. உழைத்தவனை நினைத்த நேரத்தில் விரட்டிய பண்ணைகள் இருந்த காலத்தில், அந்த அநியாயத்தைத் தடுக்க வந்த சட்டம் அது. அது வேண்டாம் என்று சொல்லும் துணிவு நமக்கு இல்லை, சொல்வதும் நியாயம் இல்லை. ஆனால் அதற்குப் பயந்து நகரத்தில் இருக்கும் சொந்தக்காரர் நிலத்தை யாருக்கும் தராமல் முள் வளர விடுகிறார் என்பதும் உண்மை. எழுத்து இல்லாமல் வாய்மொழியாகக் கொடுத்தால் உழுகிறவருக்கு வங்கிக் கடனும் பயிர்க் காப்பீடும் கிடைப்பது கடினம். 2016ல் நிதி ஆயோக் ஒரு மாதிரிக் குத்தகைச் சட்டத்தை மாநிலங்களுக்கு அனுப்பியது. சொந்தக்காரரின் உரிமை போகாமல், உழுகிறவருக்குக் கடனும் காப்பீடும் கிடைக்க வழி செய்யும் ஏற்பாடு அது. அதை நம் மாநிலத்துக்குத் தக்கபடி திருத்தி, குறைந்தபட்சம் மனைப்பிரிவுகளில் முடங்கிக் கிடக்கும் நிலத்துக்காவது கொண்டுவர வேண்டும் என்று அரசைக் கேட்பது நம் சங்கத்தின் வேலை. விவசாயச் சங்கங்களோடு பேசி, அவர்கள் ஒப்புதலோடு கேட்க வேண்டும். நாம் தனியாகப் போய்க் கேட்டால் குத்தகைக்காரனை விரட்ட வியாபாரிகள் கிளம்பிவிட்டார்கள் என்றுதான் எழுதுவார்கள்.

இன்னொன்றையும் கேட்க வேண்டியிருக்கிறது. நகரத் திட்டம் போடுகிறவர்கள் குடியிருப்பு மண்டலம், தொழில் மண்டலம் என்று வண்ணம் பூசும்போது, மொத்தச் சந்தைக்கும் குடோனுக்கும் லாரி நிறுத்தத்துக்கும் எங்கே இடம் என்று நம்மைக் கேட்பதில்லை. கேட்டுச் செய்தால் எப்படி அமையும் என்பதற்கு, குறைகள் பல இருந்தாலும், 1996ல் கொத்தவால் சாவடியிலிருந்து மாறிய கோயம்பேடு இருக்கிறது. 295 ஏக்கர் ஒரே இடத்தில் ஒதுக்கினார்கள், வியாபாரம் போய்ச் சேர்ந்தது. கேட்காமல் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் ஊர்க் கள்ளிக்குடி இருக்கிறது. 2017ல் கோடிக்கணக்கில் செலவழித்துக் கட்டித் திறந்தார்கள். காந்தி மார்க்கெட் வியாபாரிகள் பெரும்பாலோர் போகவில்லை. தூரம் ஒன்று, மூட்டை இறக்கக்கூடப் போதாத சின்னக் கடைகள் இன்னொன்று. கட்டடம் ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்தது. பேரேட்டில் அது விவசாயம் அல்லாத உபயோகம்தான். உபயோகம் எங்கே என்று கேட்கக்கூடாது.

ஆனால் அரசிடம் கேட்பதற்கு முன்னால் நம் வீட்டுக் கணக்கை நாம் பார்த்தாக வேண்டும். எங்கள் ஐந்து பேரில் மறுத்த இருவரோடு இன்னும் பேச்சு முடியவில்லை. ஆடிக்குள் முடிந்தால் புரட்டாசிப் பட்டத்துக்கு உழலாம் என்கிறார் பேரன். மூடிய வாய்க்காலைத் திரும்ப வெட்டிக்கொடுக்க மட்டும் ஐந்து பேருமே ஒத்துக்கொண்டிருக்கிறோம். எங்கள் எல்லையில் மூன்று மனை அதற்குப் போகும், போகட்டும் என்று விட்டோம். கிழக்கேயுள்ள நான்கு ஏக்கர்க்காரர்கள் தரகரிடம் முன்பணம் வாங்கிவிட்டார்களா என்று தெரிந்துகொள்ள ஆள் அனுப்பியிருக்கிறோம்.

அடுத்த பொதுக்குழுவில் இது தனிப்பொருளாக எடுத்துக்கொள்ளப்படும். வரும் உறுப்பினர்கள் தங்கள் பெயரிலும் குடும்பத்தார் பெயரிலும் வாங்கிப் போட்டுள்ள மனைகளின் ஊர், சர்வே எண், பரப்பு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வரவும். பெயர் எழுத வேண்டியதில்லை. எல்லாத் தாளையும் கூட்டி, நம் சங்கத்து உறுப்பினர்கள் கையில் மட்டும் எத்தனை ஏக்கர் கல் நட்டுக் கிடக்கிறது என்ற கணக்கை அன்றைக்கே மேடையில் வாசிப்போம். எங்கள் தாளில் மூன்று ஏக்கர் ஏற்கெனவே எழுதியாயிற்று.